சோலார் பேனலுக்குள் இருக்கும் வெள்ளி: சர்வதேச சூரிய ஆற்றல் கூட்டணிக்கு சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

குருகிராமில் உள்ள சர்வதேச சூரிய ஆற்றல் கூட்டணியின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். எத்தனை கிலோ கட்டி வெள்ளி பட்டறைக்குப் போனது, எத்தனை கிலோ கொலுசாகத் திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் வேலை. சூரிய மின்சாரத்தை உலகத்துக்கெல்லாம் கொண்டுபோகும் உங்களுக்கும் கொலுசுக் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நீங்கள் நாடு நாடாக ஏற்றிக்கொண்டிருக்கும் பேனல்களும் நாங்கள் செய்யும் கொலுசும் ஒரே வெள்ளிக்குத்தான் போட்டி போடுகின்றன. இந்தப் போட்டியைப் பற்றி உங்கள் கூட்டங்களில் யாராவது பேசியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்த மடலை எங்கள் தெருக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். சோலார் பேனலை உற்றுப் பார்த்தால் நீலக்கறுப்பு செல்களின் மேல் மயிரிழை போன்ற கோடுகள் தெரியும். அவை வெள்ளி. வெயில் பட்டு செல்லுக்குள் உண்டாகும் மின்சாரத்தைத் திரட்டி வெளியே கொண்டுவருவது அந்தக் கோடுகள்தான். மின்சாரத்தைக் கடத்துவதில் உலோகங்களிலேயே முதலிடம் வெள்ளிக்கு, அடுத்ததுதான் தாமிரம். வெள்ளித் தூளைப் பசையாகக் குழைத்து, கல்யாணப் பத்திரிகைக்குச் செய்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் செல்லின் மேல் அச்சடித்து, சூளையில் சுடுகிறார்கள். எந்த வகை செல் என்பதைப் பொறுத்து அளவு கூடும் குறையும் என்றாலும், இன்றைய பேனல்களில் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் வெள்ளி இருக்கிறது.

மில்லிகிராம் என்றவுடன் அலட்சியம் வரும். கணக்கனுக்கு வராது. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வாங்கி மாடியில் 3 கிலோவாட் போட்டால், கூரை மேல் 30 கிராம் வெள்ளி ஏறிவிட்டது என்று பொருள். எங்கள் ஊரில் அது ஒரு குழந்தைக்கு ஒரு ஜோடி கொலுசு. ஒரு ஜிகாவாட் என்றால் 10 டன். 2024இல் இந்தியா மட்டும் புதிதாகப் போட்ட சோலார் சுமார் 24 ஜிகாவாட். மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

உலகக் கணக்கு இன்னும் பெரிது. 2024இல் சோலார் தொழில் எடுத்துக்கொண்ட வெள்ளி ஏறத்தாழ 6,000 டன். உலகத்தின் மொத்த வெள்ளித் தேவையில் அது ஆறில் ஒரு பங்கு. பத்தாண்டுகளுக்கு முன்பு இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உலகம் முழுவதும் நகை செய்யப் போகும் வெள்ளியும் இன்று கிட்டத்தட்ட இதே அளவுதான். நூற்றுக்கணக்கான ஊர்களில், தலைமுறை தலைமுறையாக நடக்கும் வெள்ளி நகைத் தொழில் அத்தனையும் சேர்ந்து வாங்குகிற அளவை ஒரே ஒரு தொழில் பத்தே ஆண்டுகளில் எட்டிப் பிடித்துவிட்டது.

சரி, தேவை கூடினால் கூடுதலாக வெட்டி எடுக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். வெள்ளியில் அது அவ்வளவு சுலபமில்லை. வெள்ளிக்கென்றே இருக்கும் சுரங்கங்கள் குறைவு. ஈயம், துத்தநாகம், தாமிரம், தங்கம் இவற்றை எடுக்கும்போது கூடவே கிடைப்பதுதான் பெரும்பகுதி. துத்தநாகச் சுரங்கக்காரர் துத்தநாகத்தின் விலையைப் பார்த்துத்தான் வெட்டுவார். வெள்ளி விலை இரண்டு மடங்கானாலும் அவருக்கு அது கூடுதல் வரவு, அவ்வளவுதான். 2021 முதல் ஒவ்வோர் ஆண்டும் உலகில் வரத்தைவிடத் தேவையே அதிகமாக இருந்து வருகிறது. ராஜஸ்தானின் துத்தநாகச் சுரங்கங்களில் நமக்குக் கிடைக்கும் வெள்ளி நம் தேவைக்கு எந்த மூலைக்கும் போதாது. 2024இல் இந்தியா 7,000 டன்னுக்கு மேல் இறக்குமதி செய்தது.

இதன் விளைவை நான் பேரேட்டில் பார்க்கிறேன். 2024 ஜூலை பட்ஜெட்டில் வெள்ளி மீதான சுங்க வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தபோது கடைத்தெருவே மூச்சு விட்டது. அது நீடிக்கவில்லை. 2025 முடிவதற்குள் கிலோ 2 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது.

விலை ஏறினால் பட்டறைக்காரருக்கு லாபம்தானே என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. இல்லை. பட்டறையில் இருக்கும் வெள்ளி பெரும்பாலும் பட்டறைக்காரருடையது அல்ல. வியாபாரி கட்டி வெள்ளியைக் கொடுப்பார். பட்டறைக்காரர் அதை உருக்கி, கம்பி இழுத்து, வளையம் கோத்து, பற்றவைத்து, மெருகு போட்டு எடை போட்டுத் திருப்பித் தர வேண்டும். கூலி எடைக்குத்தான், விலைக்கு அல்ல. விலை ஏற ஏற ஜனங்கள் வாங்கும் கொலுசு மெலிந்துகொண்டே போகிறது. நூறு கிராமில் கேட்டவர்கள் அறுபதில் கேட்கிறார்கள். செய்நேர்த்தி அதேதான், மெல்லிய கொலுசுக்குக் கைவேலை இன்னும் நுணுக்கமாகக்கூட ஆகிறது. ஆனால் எடை குறைவதால் கூலி குறைகிறது. வியாபாரியின் நிலைமையும் சுகமில்லை. முன்பு அவர் கையில் இருந்த அதே முதலுக்கு இப்போது பாதி வெள்ளிகூட வருவதில்லை. பாதி வெள்ளி என்றால் பாதிப் பட்டறைகளுக்குத்தான் வேலை. பனங்காடு, சிவதாபுரம், பள்ளப்பட்டி, கொண்டலாம்பட்டி என்று வீட்டுத் திண்ணையிலேயே வளையம் கோக்கும் பெண்கள் வரைக்கும் இது போய்ச் சேர்கிறது.

இந்த விலையேற்றத்துக்கு சோலார் மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளியில் பணம் போட்ட முதலீட்டாளர்கள் இருக்கிறார்கள், அமெரிக்கா வரி போடுமோ என்ற பயம் இருந்தது, 2025 அக்டோபரில் லண்டன் சந்தையில் கையிருப்புத் தட்டுப்பாடு வந்தது, அதே சமயத்தில் நம் ஊர் தீபாவளிக் கொள்முதலும் சேர்ந்துகொண்டது. ஆனால் முதலீட்டாளர் எதை நம்பி வெள்ளியில் பணம் போடுகிறார்? உலகம் இனி சோலாரை விடப்போவதில்லை, வெள்ளி கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பதை நம்பித்தான்.

இதைப் படித்துவிட்டு சேலத்துக்காரன் சோலாருக்கு எதிரி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மின்சாரம் இல்லாத பட்டறை எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 2012இல் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. கம்பி மெஷினும் மெருகு மோட்டாரும் நின்றன, விசைத்தறிகளும் நின்றன. பக்கத்திலேயே 1934இல் கட்டிய மேட்டூர் அணை, அதன் அருகில் 1,440 மெகாவாட் அனல் மின் நிலையம். இருந்தும் அந்த நிலைமை. மேட்டூர் கொதிகலனில் எரியும் நிலக்கரி ஒடிசாவில் வெட்டி, கப்பலேறி, ரயிலேறி வருகிறது. வழியில் எங்கே தடங்கினாலும் இங்கே விளக்கு மங்கும். 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு மற்ற இந்தியாவுடன் இணைந்தது. அதுவரை வடக்கே உபரி இருந்தாலும் இங்கே கொண்டுவரப் போதிய வழி இல்லை. இணைப்பு என்றால் என்ன, பகிர்வு என்றால் என்ன என்பது எங்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஆகவே வெயிலில் கிடைக்கும் மின்சாரம் வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து கிடையாது.

எண்ணெய்க்கு உலகம் செய்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய்யை நிறுத்தின. அடுத்த ஆண்டே பாரிஸில் சர்வதேச எரிசக்தி முகமை பிறந்தது. உறுப்பு நாடுகள் தங்கள் நிகர இறக்குமதியில் 90 நாளுக்கு உரிய எண்ணெய்யை இருப்பு வைத்திருக்க வேண்டும், நெருக்கடியில் சேர்ந்து வெளியே விட வேண்டும் என்று விதி செய்தார்கள். 1991இல் வளைகுடாப் போரின்போது விட்டார்கள். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் இரண்டு முறை விட்டார்கள். இந்தியா 2017 முதல் அந்த முகமையில் இணை உறுப்பினர். விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் கச்சா எண்ணெய்க்கு இடம் செய்து வைத்திருக்கிறோம். ஆக, தட்டுப்பாடு வந்தால் நாடுகள் சேர்ந்து செயல்பட முடியும் என்பது ஐம்பது ஆண்டுகளாக நிரூபணமான விஷயம்.

வெள்ளிக்கு அப்படி எதுவும் இல்லை. நடப்பதெல்லாம் அவரவர் பாடு. அமெரிக்கா 2025 நவம்பரில் வெள்ளியைத் தன் முக்கியக் கனிமங்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தியா 2023இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் பேனல் செய்ய உதவும் சிலிக்கன் இருக்கிறது, டெல்லூரியம் இருக்கிறது, காட்மியம்கூட இருக்கிறது. வெள்ளி இல்லை. நாமும் சேர்த்தால் நல்லதுதான். ஆனால் எண்ணெய்க்குச் செய்தது போல ஆளுக்கொரு கிட்டங்கி கட்டி வெள்ளியை அடுக்க ஆரம்பித்தால் விலை இன்னும் ஏறும். அதில் முதலில் அடிபடுவது பட்டறைகள், அப்புறம் மலிவு விலையில் பேனலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் உங்கள் ஆப்பிரிக்க உறுப்பு நாடுகள்.

எண்ணெய்க்குச் சொன்ன வைத்தியம் வெள்ளிக்கு ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெய் எரிந்தால் போயே போச்சு. வெள்ளி எரிவதில்லை. பேனல் இருபத்தைந்து ஆண்டு வெயிலில் கிடந்தாலும் அந்த 30 கிராம் அங்கேயேதான் இருக்கும். அதனால் குறைவாகப் போடுவது எப்படி, போட்டதைத் திரும்ப எடுப்பது எப்படி என்பதைப் பற்றித்தான் நாடுகள் சேர்ந்து பேச வேண்டும். இந்தப் பேச்சை நடத்த உங்களைவிடப் பொருத்தமான அமைப்பு வேறு இல்லை. 2015 நவம்பர் 30 அன்று பாரிஸில் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து தொடங்கிய கூட்டணி, இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள், தலைமையகம் நம் நாட்டில்.

2030க்குள் 1,000 ஜிகாவாட் சோலார் என்பது உங்கள் இலக்குகளில் ஒன்று. இன்றைய அளவில் அதற்கு 10,000 டன் வெள்ளி வேண்டும், இந்தியா ஓராண்டில் இறக்குமதி செய்வதைவிடவும் அதிகம். எத்தனை லட்சம் கோடி முதலீடு, எத்தனை கோடிப் பேருக்கு மின்சாரம் என்றெல்லாம் சொல்கிற உங்கள் அறிக்கைகளில், அதற்கு எத்தனை டன் வெள்ளி, அது எங்கிருந்து வரும் என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆண்டுதோறும் வெளியிடுங்கள். கணக்கு வெளியே இருந்தால் வதந்திக்கு வேலை குறையும். எங்கள் கடைத்தெருவில் வதந்தியால் ஏறிய விலை கொஞ்சநஞ்சமில்லை.

வெள்ளிக்குப் பதில் தாமிரம் போடும் வேலை ஏற்கெனவே நடக்கிறது. தாமிரத்தில் சிக்கல் உண்டு. காற்று பட்டால் கறுக்கும், செல்லுக்கு அடிப்படையான சிலிக்கனுக்குள் ஊடுருவினால் செல்லையே கெடுக்கும். அதனால் தாமிரத் தூளுக்கு வெள்ளி முலாம் பூசிப் பசையாக்குவது, தடுப்புப் பூச்சுக்கு மேல் தாமிரம் ஏற்றுவது என்று பல வழிகளில் முயல்கிறார்கள். சீனத் தயாரிப்பாளர்கள் இதில் வேகமாகப் போகிறார்கள், விலை ஏறினால் போகத்தானே செய்வார்கள். என் கவலை வேறு. இந்த நுட்பம் இரண்டு மூன்று நிறுவனங்களின் காப்புரிமைக்குள் முடங்கிவிட்டால், மற்ற நாடுகள் விலை ஏறிய வெள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். திருநெல்வேலி கங்கைகொண்டானில் 4.3 ஜிகாவாட் செல், பேனல் ஆலை வந்திருக்கிறது. அங்கேயும் வெள்ளிப் பசைதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காட்மியம் டெல்லூரைடு பேனல் செய்யும் அமெரிக்க ஆலை ஒன்று 2024இல் திறக்கப்பட்டு ஓடுகிறது. அந்த வகையில் இந்த வெள்ளிக் கோடுகள் கிடையாது, ஆனால் டெல்லூரியம் அபூர்வப் பொருள், உலகம் முழுக்க அதை வைத்து ஓட்ட முடியாது. ஆகவே தாமிர நுட்பத்துக்கு உறுப்பு நாடுகள் சேர்ந்து பணம் போட்டு, சேர்ந்து சோதித்து, உறுப்பினர் அத்தனை பேருக்கும் நியாயமான கட்டணத்தில் உரிமம் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கூட்டணி என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் செய்யாவிட்டால் வேறு எதைச் செய்வது?

இப்போது எனக்கு மிகவும் நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். 2025 அக்டோபரில் புதுதில்லியில் நடந்த உங்கள் எட்டாவது பேரவையில், பழைய பேனல்களை மறுசுழற்சி செய்ய ‘சன்ரைஸ்’ என்ற வலையமைப்பைத் தொடங்கினீர்கள். மிக நல்ல காரியம். 2050க்குள் உலகில் 7.8 கோடி டன் பேனல் கழிவு சேரலாம் என்று சர்வதேச புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2016லேயே கணித்தது. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் பேனல் கழிவை 2034-35 வரை சேமித்து வைக்கச் சொல்கின்றன. சேமிக்கச் சொல்வது சரி, ஆனால் காகிதத்தில் சேமிப்பதும் காயலான் கடையில் நடப்பதும் ஒன்றல்ல. உடைந்த பேனல் கடைக்கு வந்தால் அலுமினியச் சட்டத்தைக் கழற்றுவார்கள், ஒயரை உருவுவார்கள், கண்ணாடியும் செல்லும் குப்பைக்குப் போகும். எடையில் பார்த்தால் பேனலில் முக்கால்வாசி கண்ணாடிதான், வெள்ளி ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பழைய பேனலில் மிஞ்சும் மதிப்பில் பெரும்பங்கு அந்தத் துளி வெள்ளியில்தான் இருக்கிறது.

துளி வெள்ளியைத் திரும்பப் பிடிப்பது எங்களுக்குப் பரம்பரைத் தொழில். செவ்வாய்ப்பேட்டையில் பட்டறைத் தூசியைக்கூட யாரும் வீசுவதில்லை. தரையைக் கூட்டிய மண், மெருகு போட்ட தண்ணீரின் வண்டல், உலையடியில் தங்கும் சாம்பல் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. வாங்கிப் போய்ப் பிரித்து வெள்ளி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, திரும்பப் படிய வைத்து, உருக்கி, டச் (வெள்ளியின் தூய்மை) பார்த்து எடை போடுகிற கைகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. செல்லிலிருந்து வெள்ளியைப் பிரிப்பதிலும் அமிலத்தில் கரைத்து எடுக்கும் படி வருகிறது. கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்க எந்திரம் வேண்டும், அது எங்களிடம் இல்லை. வெள்ளி கைக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பது எங்களுக்குத் தெரியும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. அமிலப் புகையைச் சுவாசித்து நெஞ்சு கெட்டவர்களை எங்கள் தெருக்களிலேயே காட்டலாம். பேனலின் பற்றவைப்பில் ஈயம் வேறு இருக்கும். கட்டுப்பாடு இல்லாமல் பேனல் செல்களைப் பட்டறைகளுக்குள் கொட்டினால் வெள்ளியோடு வியாதியும் வரும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உறுப்பு நாடுகளில் ‘ஸ்டார்-சி’ என்ற பெயரில் சோலார் பயிற்சி மையங்கள் அமைக்கிறீர்கள். அவற்றில் ஒன்றின் கிளையையாவது வெள்ளி மீட்புக்கென்று சேலத்தில் வையுங்கள். புகையை இழுத்துச் சுத்தம் செய்யும் கூண்டு, கழிவு நீரை நடுநிலையாக்கும் தொட்டி, பொதுவான ஓர் ஆய்வுக்கூடம் இவை இருந்தால் போதும். பேனல் மறுசுழற்சியில் ஐரோப்பா நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, பிரான்சில் செல்லிலிருந்து வெள்ளியை மீட்கும் ஆலையே இயங்குகிறது. அவர்களுக்குத் தெரிந்ததை நாங்கள் கற்றுக்கொள்கிறோம். எங்களுக்குத் தெரிந்ததை கென்யாவிலிருந்தோ பெருவிலிருந்தோ வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அங்கேயும் வெள்ளி வேலை செய்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

மீட்பதெல்லாம் மெதுவான வேலை, புதிதாக வெட்டுவதே மேல் என்று உங்கள் மேசையில் யாராவது சொன்னால், அவரை ஒருநாள் ஏற்காட்டுக்கு அழைத்து வாருங்கள். சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி, மேட்டூரில் அலுமினியம் ஆக்கினார்கள். 2008இல் ஆலையில் உற்பத்தி நின்றது. வெட்டிய இடங்கள் மலை மேல் அப்படியே கிடக்கின்றன. உங்கள் பேனலின் சட்டமும் அலுமினியம்தான் என்பதை அந்தக் குழிகளுக்குப் பக்கத்தில் நின்று சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும்.

கடைசியாக ஒரு கேள்வி, இதற்கு மட்டுமாவது பதில் வேண்டும். சன்ரைஸ் வலையமைப்பில் பெரிய மறுசுழற்சி நிறுவனங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் மட்டும்தான் இடமா, பட்டறைக்காரர்களின் சங்கங்களும் சேரலாமா? சேரலாம் என்றால் யாரிடம் விண்ணப்பிப்பது, என்னென்ன தாள்கள் வேண்டும் என்று எழுதுங்கள். பதில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ வந்தாலும் பரவாயில்லை. அதைத் தமிழில் எழுதி செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் ஒட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக் கணக்கன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.